திரைக்கு வெளியே ஒலித்த பெண் குரல்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2024-ஆம் ஆண்டின் சிறந்த இசைத்தொகுப்புகள் குறித்துத் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை திரைப்பாடல்களோடு நின்றுவிட்டதால், திரைக்கு வெளியே நான் விரும்பிக் கேட்ட பெண் கலைஞர்களைப் பற்றிச் சில வரிகள் எழுதத் துணிந்தேன்.

என் பட்டியலில் முதலிடம் அரூஜ் அஃப்தாபின் ‘நைட் ரெய்ன்’ தொகுப்புக்கே. ஹைதராபாத்தில் வாழ்ந்து 1824-இல் மறைந்த உருதுக் கவிஞர் மஹ் லகா பாயின் வரிகளுக்கு, இருநூறு ஆண்டுகள் கழித்து, நியூயார்க்கில் வாழும் பாகிஸ்தானியப் பாடகி ஒருவர் மெட்டமைத்துப் பாடியிருக்கிறார். ஜாஸ் பியானோ கலைஞர் விஜய் ஐயரும் இணைந்துள்ள ‘சாகி’ பாடலில் குரல் எங்கும் உயர்ந்து ஆர்ப்பரிப்பதில்லை. ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் இடையே அவர் விடும் அமைதியைக் கேட்பதற்காகவே, உருது அறியாத நான், இரவில் மின்விசிறியை நிறுத்திவிட்டு உட்கார்ந்ததுண்டு (வியர்வை வேறு கதை).

அடுத்தது, தமிழ்நாட்டில் வளர்ந்த பாடகி கானவ்யாவின் ‘டாட்டர் ஆஃப் எ டெம்பிள்’. ஹூஸ்டனில் முப்பதுக்கும் மேற்பட்ட கலைஞர்களைக் கூட்டிப் பதிவான இத்தொகுப்பில், அமெரிக்க இசைக்கலைஞர் ஆலிஸ் கோல்ட்ரேனின் ஜாஸும் நம் பக்தி மரபும் ஒரே மூச்சில் கலக்கின்றன. சில இடங்களில் நீளம் அலுக்கிறது என்பதையும் மறைப்பதற்கில்லை.

பியான்சேயின் ‘கவ்பாய் கார்ட்டர்’ பற்றி உலகமே பேசிவிட்டதால் நான் சேர்க்க ஒன்றுமில்லை. முதலிரண்டு தொகுப்புகளுக்கும் தங்கள் இசைப் பக்கத்தில் விரிவான மதிப்புரை வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை