பொம்மையைக் கட்டிலில் வையுங்கள்

தேசிய மருத்துவ ஆணையத்தின் இளநிலை மருத்துவக் கல்வி வாரியத்தாருக்கு,

வணக்கம். கேஷுவால்டியில் வேலை பார்க்கும் டாக்டர் நான்.

சில மாதங்களுக்கு முன், இரவு டூட்டியில் நாடி இல்லாத ஒருவரைக் கொண்டுவந்தார்கள். கூட இருந்த ஹவுஸ் சர்ஜனிடம் (பயிற்சி மருத்துவர்), "சிபிஆர் ஆரம்பிப்பா" என்றேன். இதயம் நின்றவரின் நெஞ்சை விடாமல் அழுத்தி ரத்தத்தை ஓடவைக்கும் முதலுதவி அது. தயங்காமல் கை வைத்தான். ஆனால் முழங்கை மடங்கியிருந்தது, கட்டில் உயரத்துக்குத் தோள் எட்டவில்லை. நெஞ்சு அமுங்கவே இல்லை. அவனை நகர்த்திவிட்டு நான் ஸ்டூலில் ஏறினேன்.

விடிந்ததும் டீக்கடையில் கேட்டேன். நிமிடத்துக்கு எத்தனை? "100 முதல் 120, சார்." ஆழம்? "5 முதல் 6 சென்டிமீட்டர்." ஒவ்வொரு முறையும் நெஞ்சு முழுசாக மேலெழ விட வேண்டும் என்பதையும் அவனே சொன்னான். எல்லாம் மனப்பாடம்.

அவனைக் குறை சொல்ல மனம் வரவில்லை. முதல் வருட ஃபவுண்டேஷன் கோர்ஸில் சிபிஆர் பழகத் தரையில் கிடத்திய ஒரே பொம்மை, சுற்றி முப்பது பேர். இவனுக்குக் கிடைத்தது இருபது அழுத்தம். அப்புறம் யாரும் செய்துகாட்டச் சொல்லவே இல்லை. பழகாவிட்டால் சில மாதங்களிலேயே கை மறந்துவிடும் வித்தை இது.

2019 பாடத்திட்டத்தில் இதை முதல் மாதத்திலேயே வைத்தது நல்ல காரியம். ஆனால் கற்றுக்கொடுத்தாயிற்று என்ற கையெழுத்தைத் தேர்ச்சி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆண்டுதோறும், ஹவுஸ் சர்ஜன்சி தொடங்கும் முன் கட்டாயமாக, செய்துகாட்டச் சொல்லுங்கள்.

அதையும் வெறும் 'டிக்' போடும் சடங்காக்கிவிட வேண்டாம். 4 சென்டிமீட்டருக்கும் 5-க்கும் உள்ள வித்தியாசம் எந்தத் தேர்வாளர் கண்ணுக்கும் தெரியாது. ஆழத்தையும் வேகத்தையும் அளந்து காட்டும் பொம்மை வேண்டும். (நான் படித்தபோது இருந்த பொம்மைக்கு ஸ்பிரிங் தளர்ந்து, தொட்டாலே 'க்ளிக்' என்னும். வகுப்பு மொத்தமும் பாஸ்!) முழுசாக இரண்டு நிமிடம் அழுத்தவிடுங்கள். முதல் அரை நிமிடம் எல்லாருமே நன்றாகச் செய்வார்கள். ஒன்றரை நிமிடத்தில் ஆழம் குறைகிறதா என்று பாருங்கள். தவறினால் பழக்கிவிட்டு மறுபடி தேர்வு வையுங்கள், வருடத்தைப் பறிக்க வேண்டாம்.

இன்னொன்று. பொம்மையைத் தரையில் போடாமல் வார்டு கட்டிலில் கிடத்துங்கள். மூலையில் ஒரு ஸ்டூல் இருக்கட்டும். அதைப் பற்றி எதுவும் சொல்ல வேண்டாம். யார் இழுத்துப் போட்டு ஏறுகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு கேஷுவால்டி மருத்துவர்