தோள்வலிக்குத் தைலம் தேய்க்கும் முன் சக்கர நாற்காலியின் அச்சைப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கையால் தள்ளும் சக்கர நாற்காலியில் பல ஆண்டுகள் கழித்தவர்களில் பலருக்கும் தோள்பட்டையும் மணிக்கட்டும் வலிக்கின்றன. வயதாகிவிட்டது என்று தைலம் தேய்க்கிறார்களே தவிர, நாற்காலியை யாரும் சோதிப்பதில்லை.

சக்கர நாற்காலி வழங்கும் முகாம்களில் கிடைக்கும் மடக்கு நாற்காலி பெரும்பாலும் ஆஸ்பத்திரி வகை. பின்னால் ஒருவர் நின்று தள்ளுவதற்கென்று செய்தது. பின்சக்கர அச்சு முதுகுச் சாய்வுக் குழாய்க்கு நேர்கீழே இருப்பதால் பின்பக்கம் கவிழாது, சரி. ஆனால் உட்கார்ந்திருப்பவரே தள்ளும்போது, பின்சக்கரத்தின் வெளிப்பக்கம் உள்ள தள்ளுவளையத்தைப் பிடிக்கக் கையைப் பின்னுக்கு வளைக்க வேண்டும். உடல் எடையில் கணிசமான பங்கு முன்பக்கச் சிறுசக்கரங்களில் இறங்கி, மணலிலும் தார் பெயர்ந்த சாலையிலும் அவை புதைகின்றன. ஒவ்வொரு தள்ளலுக்கும் பலம் அதிகம் வேண்டும். கை வளையத்தோடு போகும் தூரமோ குறைவு. அதனால் அதே தெருவுக்கு அதிகத் தடவை தள்ள வேண்டியிருக்கிறது. தோள் தேய்வது இப்படித்தான்.

அச்சை மாட்டப் பல துளைகள் கொண்ட தகடு உள்ள நாற்காலி என்றால் அச்சைத் துளை துளையாக முன்னே நகர்த்தலாம். பழகும்வரை பின்னால் ஒருவர் நிற்பதும், கவிழாமல் தாங்கும் சிறு உருளைகள் மாட்டியிருப்பதும் கட்டாயம். இரு கால்களையும் இழந்தவருக்கு மட்டும் இது ஆபத்து. அவருக்கு அச்சு பின்னால்தான் போக வேண்டும். அச்சு நகர்ந்தால் பிரேக்கும் கூடவே நகர வேண்டும், இல்லாவிட்டால் டயரைப் பிடிக்காது. அச்சை மேலும் கீழும் மாற்றினால் சிறுசக்கரத்தின் செங்குத்துத் தண்டு சாய்ந்துவிடும். மூலைமட்டம் வைத்து அதை நேராக்காவிட்டால் வேகத்தில் சக்கரம் உதறும்.

உயரம் சரிதானா என்று வீட்டிலேயே பார்க்கலாம். நிமிர்ந்து உட்கார்ந்து கைகளைத் தொங்கவிட்டால் விரல்நுனி அச்சருகே வர வேண்டும். வளையத்தின் உச்சியில் கை வைக்கும்போது முழங்கை 100 முதல் 120 டிகிரி, அதாவது செங்கோணத்தைவிடச் சற்றே விரிந்து இருக்க வேண்டும். இதையெல்லாம் குஷனோடு பார்க்க வேண்டும் என்பதைத்தான் பலரும் மறக்கிறார்கள். வெறும் இருக்கையில் அளந்து கொடுத்த நாற்காலியில், படுக்கைப்புண்ணுக்குப் பயந்து 3 அங்குல குஷன் போட்டதுமே கை வளையத்துக்கு எட்டாமல் போகிறது. இடுப்பு அகலம் 14 அங்குலம் உள்ளவருக்கு 18 அங்குல இருக்கை கொடுப்பதும் அப்படியே. முழங்கைகளை அகட்டி அகட்டியே அவர் தள்ள வேண்டும்.

டயரில் காற்று குறைந்தால் தள்ளுவதும் கடினம், பிரேக்கும் வழுக்கும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்ட அளவுக்கு வாரம் ஒருமுறை அடிக்கலாம். சிறுசக்கர அச்சில் சுற்றிய முடியையும் நூலையும் அப்போதே எடுத்துவிடலாம். தள்ளும்போது குட்டிக் குட்டியாக இடிக்காமல் நீளமாகத் தள்ளி, கையை வளையத்துக்குக் கீழாகத் தொங்கவிட்டுத் திருப்பிக் கொண்டுவருவது தோளுக்கு நல்லது.

அளவெடுப்பது, பொருத்துவது, பயிற்சி தருவது, பின்னர் வந்து பார்ப்பது எல்லாம் சேர்ந்ததுதான் சக்கர நாற்காலி வழங்கல் என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி 2008இலேயே சொல்லிவிட்டது. இனி டெண்டர் விடும்போது 14, 16, 18 அங்குல இருக்கைகளும் பல துளை அச்சுத் தகடும் கேட்கப்பட வேண்டும். முகாமில் ஸ்பேனரோடு ஒரு பொருத்துநர் இருந்து, ஒவ்வொருவருக்கும் அரை மணி நேரமாவது ஒதுக்க வேண்டும். புகைப்படம் அதற்குப் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

— இயன்முறை சிகிச்சையாளர்கள் சிலர், திருச்சி