பொதுத்தேர்வு மாணவர்களின் இரவுக் காபி குறித்துப் பெற்றோர்களுக்குக் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். இரண்டாம் திருப்புதல் தேர்வில் இயற்பியல் தாள் நடந்த அன்று காலை, பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவர் தம் பதிவெண்ணைக் கட்டங்களுக்குள் எழுத முடியாமல் மூன்று முறை அடித்து எழுதியதை அறைக் கண்காணிப்பாளர் கவனித்தார். விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன, நெஞ்சு படபடக்கிறது என்றும் மாணவர் சொன்னார். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் சென்றபோது மருத்துவர் கேட்ட முதல் கேள்வியே, "ராத்திரி என்னப்பா குடிச்சே?" என்பதுதான். பதினொரு மணிக்கு இன்ஸ்டன்ட் காபித்தூள் மூன்று பாக்கெட்டுகளை ஒரே டம்ளர் பாலில் கலந்து குடித்ததையும், மூன்று மணிக்கு மறுபடி அப்படியே செய்ததையும், பள்ளிக்கு வரும் வழியில் ஒரு டின் எனர்ஜி டிரிங்க் வாங்கிக் குடித்ததையும் அவர் மறைக்காமல் சொன்னார். சில மணி நேர ஓய்வுக்குப் பின் நலமாகிவிட்டார். பெயரைக் குறிப்பிடாமல் இதை எழுத அவருடைய பெற்றோர் சம்மதித்திருக்கிறார்கள்.

ஒரு குவளை இன்ஸ்டன்ட் காபியில் 50 முதல் 65 மில்லிகிராம் வரை கஃபீன் (தூக்கத்தை விரட்டும் பொருள்) இருக்கும் என்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ஆம் ஆண்டு வெளியிட்ட உணவு வழிகாட்டி கூறுகிறது. பாக்கெட் ஒன்றை ஒரு குவளைக்கான தூள் என்று கொண்டால், ஆறு பாக்கெட்டுகளுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் வருகிறது. 250 மில்லி டின்னில் உள்ள ஏறக்குறைய 75 மில்லிகிராமையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வளர்ந்தவர்களே நாளொன்றுக்கு 300 மில்லிகிராமைத் தாண்ட வேண்டாம் என்பது அதே வழிகாட்டியின் அறிவுரை. பிள்ளைகளுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராம் வரை கவலையில்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் கணித்தது. 45 கிலோ எடையுள்ள ஒரு மாணவருக்கு அது 135 மில்லிகிராம்தான்.

கஃபீன் உடலில் என்ன செய்கிறது என்பதைப் பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடிக்கும் நம் வழக்கத்தைக் கொண்டு விளக்கலாம். நாம் விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே வரும். அது மூளைச் செல்களில் தனக்கென்று உள்ள இருக்கைகளில், அதாவது ஏற்பிகளில், அமர்ந்தால்தான் களைப்பும் தூக்கமும் தெரியும். ஏறத்தாழ அதே வடிவம் கொண்ட கஃபீன் முந்திக்கொண்டு அந்த இருக்கைகளில் துண்டைப் போட்டுவிடுவதால் அடினோசினுக்கு இடம் கிடைப்பதில்லை. அதற்காக அது இறங்கிப் போய்விடுவதும் இல்லை. கூட்டம் ஏறிக்கொண்டேதான் இருக்கிறது, துண்டை எடுத்த கணத்தில் அத்தனை பேரும் ஒன்றாக வந்து உட்காருகிறார்கள். இரவு முழுக்கத் தெளிவாக இருந்த பிள்ளை காலை பத்தரை மணிக்கு வினாத்தாளின் முன் சோர்ந்து போவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். ஆக, காபியால் களைப்பு தீர்வதில்லை, மறைகிறது. இதற்கிடையே அட்ரினலின் என்ற ஹார்மோனின் சுரப்பு கூடி, இரத்த அழுத்தம் சற்று உயர்ந்து, அளவு மிகும்போது நடுக்கமும் படபடப்பும் வந்துவிடுகின்றன.

குடித்த ஒரு மணி நேரத்துக்குள் இரத்தத்தில் உச்சத்தைத் தொடும் கஃபீன், பாதியாகக் குறையச் சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். இரவு ஒன்பது மணிக்கு 100 மில்லிகிராம் உள்ளே போனால், அதிகாலை இரண்டு மணிக்கும் 50 மில்லிகிராம் மிச்சமிருக்கும். அந்த நிலையில் பிள்ளை தூங்கினாலும் ஆழ்ந்த உறக்கம் குறைந்துவிடும். படித்தது மனத்தில் பதிவதற்கு உறக்கமும் வேண்டும் என்பதால், விழித்துப் படித்த பாடமே கைநழுவிப் போகிறது.

இந்த இடத்தில் எங்கள் தவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். மாலைச் சிறப்பு வகுப்புக்கு இருக்கும் மாணவர்களுக்கு ஆறு மணிக்குக் காபி கொடுத்து வந்தது நம் பள்ளிதான். முதல் டிகாக்‌ஷனில் கலந்த கெட்டிக் காபி அது. கஃபீனின் பெரும்பகுதி முதல் டிகாக்‌ஷனிலேயே இறங்கிவிடும் என்பதை நான் யோசிக்கவில்லை. வரும் திங்கள் முதல் அதற்குப் பதில் சுண்டலும் மோரும் தரப்படும். (காலையும் மாலையும் டபரா காபி இல்லாமல் எனக்கே ஓடாது என்பது உங்களில் பலருக்குத் தெரியும். ஐம்பத்தாறு வயதுக்காரன் மாலை நான்கு மணிக்குக் குடிப்பதும் பதினேழு வயதுப் பிள்ளை நள்ளிரவில் குடிப்பதும் ஒன்றல்ல.)

கடையில் வாங்கும் தூளையும் சற்றுக் கவனியுங்கள். சிக்கரியில் கஃபீன் கிடையாது. ஆகவே சிக்கரி கலவாத தூளில் அளவு கூடும். காபி வகைகளில் ரோபஸ்டா கொட்டையில் அரபிகாவைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு கஃபீன் உண்டு. எனர்ஜி டிரிங்க் டின்களில் குழந்தைகளுக்கு உகந்ததல்ல என்ற எச்சரிக்கையை அச்சிட வேண்டும் என்பது சட்டம். அது பொடி எழுத்தில் இருப்பதால் படிப்பவர் குறைவு. தலைவலி மாத்திரைகள் சிலவற்றிலும் கஃபீன் உண்டு என்பதால், காபியோடு சேர்த்து அவற்றைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம்.

மாணவிகளின் பெற்றோருக்குத் தனியாக ஒன்று. காபியிலும் தேநீரிலும் உள்ள டானின் போன்ற பொருள்கள், உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்கவிடாமல் தடுக்கின்றன. இரத்தசோகை இருக்கும் பிள்ளைக்குச் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் இரண்டும் வேண்டாம்.

நாள்தோறும் மூன்று நான்கு குவளை குடித்துப் பழகிய பிள்ளையை இன்றே நிறுத்தச் சொல்லாதீர்கள். திடீரென்று விட்டால் ஒரு நாளுக்குள் தலைவலியும் எரிச்சலும் தொடங்கிச் சில நாள்கள் நீடிக்கும். அது தேர்வு நாளாக அமைந்துவிடக் கூடாது. முதலில் இரவுக் குவளையை விட்டு, அடுத்த வாரம் மாலைக் குவளையையும் விட்டு, காலையில் ஒன்று என்ற அளவில் நிறுத்துவது எளிது. பகல் ஒரு மணிக்குப் பிறகு காபி வேண்டாம் என்பதும், பதினொரு மணிக்குள் விளக்கை அணைத்துவிட வேண்டும் என்பதும் என் வேண்டுகோள்.

எனர்ஜி டிரிங்க் டின்களைப் பள்ளி வளாகத்துக்குள் கொண்டுவர இனி அனுமதியில்லை. பையில் இருந்தால் வாங்கி வைத்து, மாலையில் பெற்றோரிடமே ஒப்படைப்போம். பிள்ளைக்கு இதயக் கோளாறோ வலிப்போ இருந்தாலும், தொடர்ந்து மாத்திரை உட்கொண்டு வந்தாலும், வகுப்பாசிரியரிடம் வெள்ளிக்கிழமைக்குள் எழுதிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைமையாசிரியர்