மனோரமாவின் மேடை நாட்களை எழுதி வையுங்கள்

தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றத்தின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

2015 அக்டோபர் 10 அன்று மறைந்த மனோரமாவைப் பற்றி யார் பேசினாலும், ஆயிரத்துக்கு மேற்பட்ட படங்கள் என்ற கின்னஸ் சாதனையையும், ஐந்து முதலமைச்சர்களோடு நடித்த பெருமையையும் சொல்லத் தவறுவதில்லை. அந்த ஐவரில் அண்ணாவோடும் கலைஞரோடும் அவர் நடித்தது திரையில் அன்று, மேடையில் என்பதை மட்டும் போகிற போக்கில் சொல்லிவிட்டுக் கடந்துவிடுகிறோம். அந்த மேடையைப் பற்றித்தான் இந்த மடல்.

மன்னார்குடியில் 1937-இல் கோபிசாந்தாவாகப் பிறந்து, தாயோடு எங்கள் பக்கத்துப் பள்ளத்தூருக்கு வந்து சேர்ந்த அந்தச் சிறுமி, ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றுபோக, பன்னிரண்டு வயதில் நாடகத்தில் நடிக்கத் தொடங்கினார். மனோரமா என்ற பெயரே நாடகக்காரர்கள் வைத்ததுதான். பிறகு எஸ்.எஸ்.ராஜேந்திரனின் நாடகக் குழுவில் நடித்தார். 1958-இல் கண்ணதாசனின் 'மாலையிட்ட மங்கை' அவரைத் திரைக்குக் கொண்டுவந்தபோது, அவருடைய குரலும் உடம்பும் ஏறக்குறைய பத்தாண்டுகள் மேடையில் பழகி முடித்திருந்தன.

'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் ஜில் ஜில் ரமாமணி வரும் இடங்களில் இன்றைக்கும் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுகிறேன். வாசிப்பைக் கேட்டு உருகிப்போய், இந்தச் சத்தம் எல்லா நாயனத்திலும் வருமா, உங்கள் நாயனத்தில் மட்டும்தான் வருமா என்று அவர் கேட்கும்போது அரங்கம் சிரிக்கும். ஆனால் அந்தக் கண்களைப் பாருங்கள். பெரிய வித்தையின் முன் நிற்கும் ஓர் எளிய கலைஞரின் மரியாதை அவற்றில் இருக்கும். நாடகக் கம்பெனி நடிகையாக நடிக்க அவர் எவரையும் பார்த்துக் கற்க வேண்டியிருக்கவில்லை. அதே 1968-இல், 'பொம்மலாட்டம்' படத்தில் 'வா வாத்தியாரே வூட்டாண்ட' என்று சென்னைத் தமிழில் தாமே பாடினார். செட்டிநாட்டில் வளர்ந்தவருக்கு அந்தப் பேச்சு அப்படிப் படிந்ததென்றால், அது மேடை பழக்கிய காது என்றே நான் நம்புகிறேன். 'சம்சாரம் அது மின்சாரம்' கண்ணம்மாவும், 'புதிய பாதை' படத்துக்குக் கிடைத்த தேசிய விருதும், 2002-இல் வந்த பத்மஸ்ரீயும் எல்லோரும் அறிந்தவை.

என் பெரியப்பா எங்கள் வட்டாரத்து நாடகங்களுக்குக் கால் ஆர்மோனியம் வாசித்தவர். அவர் மனோரமாவுக்கு வாசித்ததில்லை; ஆனால் அந்தக் காலத்து மேடை எப்படி இயங்கியது என்பதை அவரிடம்தான் அறிந்தேன். நடிகை வசனத்தின் கடைசிச் சொல்லை எந்தச் சுருதியில் விடுகிறாரோ, அதைப் பிடித்துக்கொண்டுதான் பாட்டைத் தொடங்க வேண்டும் என்பார். பேசிக்கொண்டிருக்கும்போதே இழுத்துப் பாட்டாக்கும் அந்த வழக்கம் மனோரமாவின் திரை வசனங்களிலும் கேட்கிறது. பெரியப்பா மறைந்த பிறகு, எண்ணெய்க் கறை படிந்த அவருடைய பாட்டு நோட்டுகளில் இரண்டைத் தவிர மற்றவை பழைய பேப்பரோடு எடைக்குப் போய்விட்டன. போட்டவர்கள் வீட்டார்தான், அவற்றின் மதிப்பு அப்போது எங்களுக்குத் தெரியவில்லை.

இப்படித்தான் வீடு வீடாக அழிகிறது. படம் நெகட்டிவிலும் குறுந்தகட்டிலும் தங்குகிறது. ஊர்த் திடலில் விடிய விடிய நடந்த நாடகமோ பார்த்தவர் நினைவில் மட்டுமே தங்குகிறது. 1950-களில் அவரை மேடையில் பார்த்தவர்கள் இன்று எண்பதைத் தாண்டியவர்கள். ஆகவே, பள்ளத்தூர், காரைக்குடி, புதுக்கோட்டைப் பகுதிகளில் அவர்களைத் தேடிப் போய்க் குரலைப் பதிவு செய்யவும், ஆர்மோனியக்காரர்கள், ஒப்பனைக்காரர்கள், சீன் கட்டியவர்கள் குடும்பங்களில் எஞ்சியிருக்கும் நோட்டீசுகளையும் பாட்டு நோட்டுகளையும் நகலெடுத்துக்கொண்டு மூலத்தை அவர்களிடமே திருப்பித் தரவும் மன்றம் ஒரு சிறு குழுவை அமைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இதற்குப் பெரிய கட்டடமோ விழாவோ தேவையில்லை. கிராமத்து முதியவர் பேசும் வேகத்துக்குப் பொறுமையாக உட்காரக்கூடிய நாலைந்து இளைஞர்கள் போதும். நாடகம் பயிலும் மாணவர்களையே இதில் ஈடுபடுத்தலாம்.

எங்கள் வீட்டில் தப்பிய அந்த இரண்டு நோட்டுகளையும் துணியில் சுற்றிப் பத்திரமாக வைத்திருக்கிறேன். குழு காரைக்குடிக்கு வரும் நாளில் அவற்றை முதலில் தருகிறேன்.

பணிவன்புடன்,
காரைக்குடியிலிருந்து ஒரு நாடக ரசிகர்