மலசலகூடம் இல்லாத சிறிய கரவனை ஒதுக்கிவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

கோடை விடுமுறை நெருங்கும்போதெல்லாம், காரின் பின்னால் பூட்டி இழுத்துச் செல்லும் கரவன் ஒன்றை வாங்கலாமா என்று கோயிலிலும் தமிழ்ப் பாடசாலை வாசலிலும் என்னிடம் விசாரிப்பவர்கள் பலர். நானும் கணவரும் ஏழு ஆண்டுகளாகச் சிறிய கரவன் ஒன்றில் பிரித்தானியாவைச் சுற்றி வருவதை அவர்கள் அறிவார்கள். ஆனால் அதில் மலசலகூடமோ குளிக்கும் இடமோ கிடையாது என்று சொன்னதும் பேச்சு பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடுகிறது. "அது இல்லாமல் எப்படி அக்கா?" என்ற கேள்விக்கு வாசலில் நின்றபடி முழுமையாகப் பதில் சொல்ல முடிவதில்லை என்பதால், தங்கள் பத்திரிகை வாயிலாகச் சொல்ல விரும்புகிறேன்.

எங்கள் முதல் கரவன் குளியலறையுடன் கூடிய, நான்கு பேர் படுக்கக்கூடிய வண்டி. அதை வாங்கியபோது உள்ளே என்னென்ன வசதிகள் என்று பார்த்தோமே தவிர, எங்கள் காரால் அதை இழுக்க முடியுமா என்று பார்க்கவில்லை. விற்றவரும் அதைப்பற்றி வாய் திறக்கவில்லை. பீக் டிஸ்ட்ரிக்ட் ஏற்றங்களில் கார் திணறியதும், நெடுஞ்சாலையில் ஒரு பெரிய லொறி எங்களை முந்தியபோது கரவன் ஆடத் தொடங்கிக் காரையே பிடித்து உலுக்கியதும் இன்றும் என் நினைவில் உள்ளன. இரண்டு கோடைகளுக்குள் அதை விற்றுவிட்டோம். அந்த இரண்டு கோடைகளிலும் அதன் குளியலறையில் நாங்கள் ஒருநாள்கூடக் குளிக்கவில்லை. ஈர மழைக்கோட்டுகளும் சப்பாத்துகளும் மடக்குக் கதிரைகளுமே அங்கே இருந்தன.

ஆகவே கரவன் பார்க்கப் போகுமுன் உங்கள் காரைப் பாருங்கள் என்பதே என் முதல் வேண்டுகோள். காரின் கதவோரத்திலோ முன்மூடியின் கீழோ உள்ள தகட்டில், காருக்கு அனுமதிக்கப்பட்ட மொத்த எடையும், அதன் கீழே காரும் இழுவண்டியும் சேர்ந்த மொத்த எடையும் குறிக்கப்பட்டிருக்கும். பொதுவாக, முழுச் சுமையுள்ள அந்தக் கார் எவ்வளவு இழுக்கலாம் என்பதை இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் காட்டிவிடும். சில ஹைபிரிட் கார்களுக்கு இழுக்கும் அனுமதியே கிடையாது. இதற்கு மேலாக, முழுச் சுமையுடன் கரவனின் எடை, காரின் வெற்று எடையில் 85 சதவீதத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்று இங்குள்ள கரவன் சங்கங்கள் அறிவுறுத்துகின்றன. இது சட்டமன்று; ஆனால் புதிதாக இழுக்கத் தொடங்குபவர் இதைச் சட்டமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். 1,200 கிலோ எடையுள்ள காருக்கு இந்தக் கணக்கின்படி 1,020 கிலோ கரவன்தான் பொருத்தம். நம்மில் பலரிடம் இருப்பவை இந்த அளவுக் கார்களே. அந்த எடைக்குள் குளியலறையும் அடங்க வேண்டுமென்றால் படுக்கையோ மேசையோ அலுமாரியோ ஏதோ ஒன்று சுருங்கியே ஆகவேண்டும்.

சிறிய வண்டிகளில் மட்டமானவைதான் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். ஜெர்மனியில் 1950களின் பிற்பகுதியில் எர்வின் ஹைமரும் விமானப் பொறியியலாளரான எரிக் பாகெமும் சேர்ந்து உருவாக்கிய எரிபா வண்டிகள், இரும்புக் குழாய்ச் சட்டகத்தில் அமைந்தவை. பாகெமின் பெயரைச் சுருக்கியே எரிபா என்று வைத்தார்கள். நிறுத்திய இடத்தில் கூரையை உயர்த்தி நிமிர்ந்து நிற்கலாம், ஓடும்போது கூரை தாழ்ந்திருப்பதால் காற்றின் தடை குறைவு. அகலமும் 2 மீற்றர் அளவுதான் என்பதால் டெவனின் ஒடுங்கிய கிராமத்து வீதிகளில் எதிரே வரும் உழவு இயந்திரத்துக்கு வழிவிட முடிகிறது. கண்ணாடியிழையில் வார்த்த வண்டிகளும் உண்டு. அவற்றில் பொருத்துகள் குறைவு என்பதால் மழைநீர் ஊறிச் சுவர் உளுத்துப்போகும் தொல்லையும் குறைவு. பழைய கரவன் வாங்குவோருக்கு இந்த ஈரத்தைவிடப் பெரிய எதிரி வேறில்லை.

இனி அந்தக் கேள்விக்கு வருகிறேன். போர்ட்டா பொட்டி எனப்படும் கையடக்கக் கழிப்பெட்டி, படுக்கைக்குக் கீழோ ஓர் அலுமாரிக்குள்ளோ அடங்கிவிடும். மேல்பகுதியில் சுத்த நீர், கீழ்ப்பகுதியில் கழிவு, இடையில் இறுக மூடும் தகடு. முறையாகப் பயன்படுத்தினால் மணம் வருவதில்லை. கழிவுப் பகுதி 12 லீற்றர், 21 லீற்றர் என்னும் அளவுகளில் கிடைக்கும். பெரியதை வாங்கத்தான் மனம் சொல்லும், ஆனால் நிரம்பிய 21 லீற்றரைத் தூக்கிக்கொண்டு புல்வெளியைக் கடப்பது அறுபது வயதில் இயலாத காரியம். நாம் கடதாசியோடு நிறுத்தாமல் தண்ணீரால் கழுவுகிறவர்கள். ஒவ்வொரு முறையும் அரை லீற்றர் சேர்ந்தாலே, இங்குள்ளவர்கள் சொல்லும் கணக்கைவிட நமது பெட்டி வேகமாக நிரம்பும். சிறிய செம்பு ஒன்றை அளவாக வைத்துக்கொண்டு, சிறிய பெட்டியை நாள்தோறும் காலையில் வெறுமையாக்குவதே எங்கள் வழக்கம். அதை எல்சன் பொயின்ட் எனப்படும் உரிய இடத்தில் மட்டுமே ஊற்ற வேண்டும். பண்ணைகளில் நிலத்தடித் தொட்டிக்குள் கழிவு போகுமாயின், பெட்டியின் கழிவுப் பகுதிக்குள் இடும் மருந்துகளில், அந்தத் தொட்டியின் நுண்ணுயிர்களைக் கொல்லும் நீல மருந்தைத் தவிர்த்துப் பச்சை மருந்தைப் பயன்படுத்த வேண்டும்; முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

உண்மையான தடை இந்தப் பெட்டியன்று, நாணம்தான் என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. மூன்று மீற்றர் நீள அறையில், திரைக்கு அப்பால் இன்னொருவர் இருக்கும்போது அதைப் பயன்படுத்த முப்பது ஆண்டு மணவாழ்க்கைக்குப் பின்னரும் எனக்குக் கூச்சமாக இருந்தது. முதல் வாரம் நள்ளிரவில் மழைக்கோட்டும் டோர்ச்சுமாகப் பொதுக் கழிப்பறைக் கட்டடம்வரை நடந்தேன். பின்னர் நாங்களே ஓர் ஒழுங்கு செய்துகொண்டோம்: பகலில் பொதுக் கட்டடம், இரவில் மட்டும் பெட்டி, காலையில் ஒருவருக்குத் தேவைப்பட்டால் மற்றவர் வெளியே சென்று தேநீருக்குத் தண்ணீர் எடுத்து வருவது. யாழ்ப்பாணத்தில் என் சிறுவயதில் மலசலகூடம் வளவின் பின்கோடியில்தான் இருந்தது, குளிப்பு கிணற்றடியில். வீட்டுக்குள் அவை இல்லை என்று எங்கள் அம்மம்மா ஒருநாளும் குறைப்பட்டதில்லை. குளிப்புக்கும் அந்தச் சிறுவயதுப் பழக்கமே எங்களுக்கு உதவியது; பொதுக் குளியலறை இல்லாத இடத்தில் ஒரு கேத்தல் வெந்நீரை வாளித் தண்ணீரில் கலந்து, சிறிய கூடாரத்துக்குள் நின்று வார்த்துக்கொள்ளும் குளிப்பு, பெரிய கரவனின் ஒடுங்கிய குழாயடியைவிட நிறைவாக இருக்கிறது. உள்ளே நீராவி சேராததால் இரவில் சன்னல்களும் அதிகம் வியர்ப்பதில்லை.

எங்கே தங்குவது என்பதில்தான் கவனம் தேவை. 1907இல் தொடங்கிய கரவன் சங்கத்துக்கு, உறுப்பினர்களின் ஐந்து கரவன்கள் மட்டும் தங்கக்கூடிய சிறிய தரிப்பிடங்கள் நாடெங்கும் உள்ளன. பெரும்பாலும் பண்ணை நிலங்கள். விலை குறைவு, அமைதி அதிகம், ஆனால் பலவற்றில் ஒரு தண்ணீர்க் குழாயும் கழிவு ஊற்றும் இடமும் தவிர வேறொன்றும் இராது. பெட்டி கைவசம் உள்ளவருக்கு அங்கே தங்கத் தடையில்லை. அதுவும் இல்லாமல் போகிறவர்கள், பொதுக் கழிப்பறை உள்ள தரிப்பிடம்தானா என்பதைத் தொலைபேசியில் கேட்டுறுதி செய்யாமல் புறப்படக்கூடாது.

முழங்கால் மடக்க முடியாத பெற்றோரையோ, இரவில் பலமுறை எழ வேண்டியவரையோ அழைத்துச் செல்வதானால் நான் இந்த வண்டியைப் பரிந்துரைக்கமாட்டேன். அந்தப் பெட்டி மிகவும் தாழ்ந்தது. என் மாமியார் உயிரோடிருந்தவரை நாங்கள் அவரோடு விடுதிகளில்தான் தங்கினோம்.

கடைசியாகத் தங்களிடம் ஒரு விண்ணப்பம். 1997 ஜனவரி முதலாம் திகதிக்குப் பின்னர் சாரதி அனுமதிப்பத்திரம் பெற்றவர்கள், கரவன் இழுக்கத் தனிப் பரீட்சையில் சித்தியடைய வேண்டும் என்று இன்னமும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்கொட்லாந்து ஆகியவற்றில் 2021 டிசம்பர் 16 முதல் அந்த நிலை இல்லை. சாதாரணக் கார் அனுமதிப்பத்திரத்துடன் 3,500 கிலோவரை இழுக்கலாம். ஆயினும் கரவனோடு போகும்போது நெடுஞ்சாலையில் மணிக்கு 60 மைல், நடுத்தடுப்பு இல்லாத ஒற்றைச் சாலையில் 50 மைல் என்ற வரம்பும், மூன்று தடங்களுக்கு மேற்பட்ட நெடுஞ்சாலையில் வலதுகோடித் தடத்துக்குச் செல்லக்கூடாது என்ற விதியும் உண்டு. மூன்று தடங்களே உள்ள நெடுஞ்சாலைக்கும் அவ்விதி பொருந்தும். இவற்றைத் தங்கள் பயணப் பக்கத்தில், பள்ளி விடுமுறைக்கு முன்னரே, தமிழில் கட்டமிட்டு வெளியிட்டு உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
இளைப்பாறிய தாதி ஒருவர்,
ஹரோ, இலண்டன்.