ரெக்கார்டு நோட்டில் ஓடும் ஆபரேட்டிங் சிஸ்டம்

ஆசிரியருக்கு வணக்கம்.

கல்லூரி அட்மிஷன் நேரம் வந்துவிட்டால் எதைப் படித்தால் வேலை கிடைக்கும் என்று பக்கம் பக்கமாகப் போடுகிறீர்கள், இப்போது எல்லாமே செயற்கை நுண்ணறிவுதான். போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் எந்த நுண்ணறிவாக இருந்தாலும் அது ஓடுவதற்குக் கீழே ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம், அதாவது மெஷினையும் மற்ற புரோகிராம்களையும் கட்டி மேய்க்கிற அடிப்படை மென்பொருள், இருக்கிறதே, அதை நம் பிள்ளைகள் எந்த லட்சணத்தில் படித்துவிட்டு வருகிறார்கள் என்று ஒருவரும் எழுதுவதில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் திண்டுக்கல்லில் 22 வருடமாகக் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன், படித்தது டிப்ளமோ. கடைக்கு வேலைக்கு வருகிற பையன்கள் எல்லாம் இப்போது பி.இ. முடித்தவர்கள். போன வருடம் சேர்ந்த தம்பியிடம் டெட்லாக் (ஒன்று பிடித்து வைத்திருப்பதற்காக இன்னொன்று காத்திருந்து, புரோகிராம்கள் எல்லாமே நகராமல் நின்றுபோவது) என்றால் என்னப்பா என்று சும்மா கேட்டேன், நான்கு நிபந்தனைகளையும் மூச்சு விடாமல் ஒப்பித்துவிட்டு, சாப்பிட உட்கார்ந்த ஐந்து தத்துவ ஞானிகள், மொத்தமே ஐந்து முள்கரண்டி, ஆளுக்கு இரண்டு வேண்டும் என்கிற கதையையும் சொன்னான். (கையால் பிசைந்து சாப்பிடுகிற ஊரில், ஒரு ஆளுக்கு இரண்டு முள்கரண்டி எதற்கு என்பதிலேயே பாதிப் பேர் நின்றுவிடுவார்கள். கம்ப்யூட்டர் விஞ்ஞானி டைக்ஸ்ட்ரா 1965இல் இதைப் பரீட்சைக் கேள்வியாக வைத்தபோது கம்ப்யூட்டர்கள் டேப் டிரைவுக்குப் போட்டி போடுவதாகத்தான் வைத்தார், ஞானிகள் அப்புறம் வந்து சேர்ந்தவர்கள்.) சரி, கெட்டிக்காரன்தான் என்று வைத்துக்கொண்டேன்.

ஆனி முகூர்த்தம் முடிந்த மறுநாள், ஸ்டுடியோக்காரர் ஒருவர் கேமரா கார்டைக் கொடுத்து, கல்யாண வீடியோவைப் பென் டிரைவில் போட்டுத் தரச் சொன்னார். எங்கள் கடை மெஷினில் விண்டோஸ் இல்லை, லினக்ஸ் என்ற ஆபரேட்டிங் சிஸ்டம்தான். தம்பி காப்பி போட்டான், கோடு கடைசி வரை ஓடி நின்றது, பென் டிரைவைப் பிடுங்கிக் கொடுத்துவிட்டான். சாயங்காலம் அவர் திரும்பி வந்தார், முகம் சரியில்லை. கடைசி வீடியோ பாதியில் நிற்கிறது, அதில்தான் தாலி கட்டுகிற இடம். தம்பி திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: "நூறு பர்சென்ட் வந்துருச்சுண்ணே, நான் பாத்தேன்." நல்ல வேளை, கார்டை அவர் இன்னும் அழிக்கவில்லை.

அவனைத் திட்டி என்ன பயன்? அன்றைக்கு ராத்திரி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, ஒரு மலிவான பென் டிரைவைச் செருகி, 500 எம்பி ஃபைல் ஒன்றைக் காப்பி பண்ணச் சொன்னேன். ஐந்து விநாடிகூட ஆகவில்லை, முடிந்தது. இப்போது 'சிங்க்' என்று டைப் பண்ணி என்டர் தட்டு என்றேன். கர்சர் அப்படியே நின்றது, பென் டிரைவின் குட்டி விளக்கு மட்டும் மின்னிக்கொண்டே இருந்தது, கிட்டத்தட்ட ஒன்றரை நிமிடம். பக்கத்தில் இன்னொரு விண்டோவில் மெமரிக் கணக்கைத் திறந்து வைத்திருந்தேன், அதில் 'டர்ட்டி' என்று ஒரு வரி உண்டு, டிஸ்கில் இன்னும் எழுதப்படாமல் ராமிலேயே கிடக்கிற டேட்டா எவ்வளவு என்று காட்டும், அந்த எண் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவதை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். பென் டிரைவ் மெதுவானது, ராம் வேகமானது, அதனால் சிஸ்டம் டேட்டாவை முதலில் ராமில் வாங்கி வைத்துக்கொண்டு "முடிந்தது" என்று சொல்லிவிடுகிறது, நிஜமாக எழுதுவதை நிதானமாகப் பின்னால் செய்கிறது. 'சிங்க்' என்றால் பாக்கியை இப்போதே எழுதி முடி என்று அர்த்தம். தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னான், "அண்ணே, இதத்தான் பஃபர் கேஷ்னு படிச்சேன். படம்கூட வரைஞ்சிருக்கேன்."

படம் வரைந்திருக்கிறான், அதுதான் என் ஆதங்கம். லேபில் என்ன செய்தீர்கள் என்று கேட்டால், ரவுண்ட் ராபினுக்கு (ஆளுக்குக் கொஞ்ச நேரம் என்று முறை வைத்து ஓட விடுவது) ஒரு சி புரோகிராம், மூன்று புராசஸுக்கு, அதாவது ஓடுகிற புரோகிராமுக்கு, நேரம் கொடுத்தால் யாருக்கு எப்போது முறை என்று காகிதக் கணக்கை அப்படியே திரையில் அச்சடிக்கும், சீனியர் நோட்டைப் பார்த்து எழுதி ரெக்கார்டில் கையெழுத்து வாங்கியாயிற்று. அந்தப் புரோகிராம் ஓடிய அதே நொடியில், அதே மெஷினில் நூற்றுக்கணக்கான நிஜப் புராசஸ்கள் சிபியுவுக்காக முறை மாற்றிக்கொண்டிருந்தன. அவற்றைப் பார்க்க 'டாப்' என்று மூன்று எழுத்துப் போதும், அவன் கல்லூரியில் நான்கு வருடத்தில் யாரும் போட்டுக் காட்டவில்லை.

ராம் நிரம்பிவிட்டது என்று பயந்து வருகிறவர்கள் கதையும் இதேதான். எட்டு ஜிபியில் முந்நூறு எம்பிதான் காலி என்று கையைப் பிசைகிறார்கள். சும்மா கிடக்கிற ராமில் சமீபத்தில் படித்த ஃபைல்களை நிரப்பி வைப்பதும், வேறு புரோகிராம் கேட்டால் உடனே காலி செய்து கொடுப்பதும் சிஸ்டத்தின் வேலை. 'ஃப்ரீ' என்று தட்டினால் காலி எவ்வளவு, எடுத்துக்கொள்ளக்கூடியது எவ்வளவு என்று தனித்தனியாகவே காட்டும். இது தெரியாமல் போனில் ராம் கிளீனர் ஏற்றிக்கொண்டு அலைகிறோம்.

உலகத்தில் இதைச் சரியாகச் சொல்லிக்கொடுக்க நினைத்த வாத்தியார்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஆஸ்திரேலியாவில் ஜான் லயன்ஸ் என்ற பேராசிரியர் 1976இல் யூனிக்ஸ் என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மூல நிரலையே எடுத்து, பத்தாயிரத்துக்கும் குறைவான வரிகள்தான், விளக்கம் எழுதி மாணவர் கையில் கொடுத்தார். யூனிக்ஸின் அடுத்த பதிப்பு வந்தபோது, நிரலை வகுப்பில் நடத்தக்கூடாது என்று லைசென்ஸ் தடை போட்டது. ஜனம் விடுமா, ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்துப் படித்தார்கள். அந்தத் தடையால்தான் ஆம்ஸ்டர்டாமில் டானன்பாம் என்ற பேராசிரியர், பாடம் நடத்துவதற்கென்றே மினிக்ஸ் என்று ஒன்றைத் தானே எழுதி 1987இல் வெளியிட்டார், அதை வாங்கி நோண்டிப் பார்த்த ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் லினக்ஸை வெளியிட்டார், அப்போது வயது 21. இன்றைக்கு உங்கள் ஆண்ட்ராய்டு போனுக்குள் ஓடுவது அந்த லினக்ஸின் கெர்னல், அதாவது மையப் பகுதிதான். இப்போது எந்தத் தடையும் இல்லை, ஜெராக்ஸும் வேண்டாம், அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் தன் மாணவர்களுக்காக எழுதிய எக்ஸ்வி6 என்ற குட்டி சிஸ்டம் முழுசாக இலவசம்.

மெஷின் இல்லை என்றும் சொல்ல முடியாது. அரசு கொடுத்த இலவச லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் என்ற நம் நாட்டு லினக்ஸும் சேர்ந்தே வந்தது. எங்கள் கடைக்கு வந்த பிள்ளைகள் கேட்டது, "அண்ணே, அத தூக்கிட்டு எடத்த சேத்து வுடுங்க." நானும் ஐம்பது ரூபாய் வாங்கிக்கொண்டு தூக்கியிருக்கிறேன், மறைப்பானேன்.

அதனால் ஒன்று கேட்கிறேன். மாணவர்களுக்கென்று வாராவாரம் தனி இணைப்பு போடுகிறீர்களே, அதில் கால் பக்கம் ஒதுக்குங்கள். வாரம் ஒரு கமாண்ட், வீட்டில் கிடக்கிற பழைய லேப்டாப்பில் போட்டுப் பார்க்கிற மாதிரி. எழுத ஆள் இல்லை என்றால் எங்கள் தம்பி இருக்கிறான், இப்போது ராத்திரியானால் கடை மெஷினில் கெர்னல் கம்பைல் பண்ணுகிறேன் என்று உட்கார்ந்துவிடுகிறான், கரண்ட் பில் என் தலையில்.

இப்படிக்கு,
ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்காரர்,
திண்டுக்கல்.