சிறு பள்ளியின் சதவீதம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிராமத்துச் சிறிய அரசுத் தொடக்கப் பள்ளிகளின் கற்றல் நிலை குறித்துத் தங்கள் இதழில் அண்மையில் வந்த கட்டுரையையும், அதனுடன் அச்சிடப்பட்டிருந்த பள்ளிவாரிச் சதவீதப் பட்டியலையும் படித்தேன். நான் கல்லூரியில் புள்ளியியல் கற்பித்து ஓய்வுபெற்றவள். பெங்களூருவுக்குத் தெற்கே ஆனேக்கல் வட்டத்திலுள்ள அத்தகைய பள்ளியொன்றுக்குப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தர நெடுங்காலமாகப் போய்வருகிறேன். எந்தப் பள்ளி நன்றாக நடக்கிறது, எதை மூடிப் பெரிய பள்ளியோடு இணைக்கலாம் என்பதை அந்தப் பட்டியலை வைத்து முடிவு செய்தால் பிள்ளைகளுக்குத் தீங்கே விளையும் என்பதை வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

மூன்றாம் வகுப்பில் எட்டுப் பிள்ளைகள் மட்டுமே படிக்கும் பள்ளியை எண்ணிப் பாருங்கள். ஓராண்டு நான்கு பேர் பாடப் பத்தியைத் தடையின்றிப் படித்தால் தேர்ச்சி 50 சதவீதம். அடுத்த ஆண்டு ஆறு பேர் படித்தால் 75. ஒரே ஆண்டில் 25 புள்ளி உயர்வு என்று பாராட்டு விழாகூட நடக்கலாம். ஆனால் ஒரு நாணயத்தை எட்டு முறை சுண்டினால் ஆறு முறையோ அதற்கு மேலோ தலை விழுவதற்கு ஏறத்தாழ ஏழில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. 120 பிள்ளைகள் உள்ள பெரிய பள்ளியைப் போல 120 முறை சுண்டி அதே 75 சதவீதமாக 90 முறை தலை விழுவதோ நடைமுறையில் நிகழாத ஒன்று. அதனால்தான் இப்படிப்பட்ட பட்டியல்களின் உச்சியிலும் அடியிலும் சிறு பள்ளிகளே குவிந்து கிடக்கின்றன. ஒரு பிள்ளைக்குத் தேர்வன்று காய்ச்சல் வந்தாலே 12.5 புள்ளி கைவிட்டுப் போகிறது. இதில் ஆசிரியரின் திறமைக்கோ சோம்பலுக்கோ பங்கு இருக்கலாம். ஆனால் எவ்வளவு பங்கு என்பதை ஓராண்டு எண்ணிலிருந்து பிரித்தறிய எந்தக் கணக்காலும் முடியாது.

ஊரகப் பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் வீடு வீடாகச் சென்று சோதிக்கும் 'ஏசர்' (ASER) ஆய்வைக் கட்டுரையாளர் துணைக்கு அழைத்திருக்கிறார். 2024ஆம் ஆண்டின் ஏசர் அறிக்கைப்படி, நாட்டின் ஊரகப் பகுதிகளில் அரசுப் பள்ளி மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் 23.4 சதவீதத்தினரால்தான் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க முடிந்தது. 2022இல் அது 16.3 சதவீதமாக இருந்தது. கவலைக்குரிய எண், ஆயினும் நம்பத்தக்க எண், ஏனெனில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளை வீடு தேடிச் சென்று சந்தித்துப் பெற்றது. மாவட்டத்துக்கு 30 கிராமங்கள், கிராமத்துக்கு 20 வீடுகள் என்று எடுக்கப்படும் அந்த ஆய்வு மாவட்டத்தின் நிலையைச் சொல்லவே வடிவமைக்கப்பட்டது. ஒரு கிராமத்துப் பள்ளியை அதன் அருகில் நிறுத்தி மதிப்பெண் போடுவதற்கு அன்று.

இதைவிட ஆழமான சிக்கல், அந்த வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்கள் யார் என்பது. நான் செல்லும் ஊரில் சொந்த நிலமும் நிலையான வருவாயும் உள்ள குடும்பங்கள் தம் பிள்ளைகளை வேனில் ஏற்றித் தனியார் ஆங்கிலவழிப் பள்ளிக்கு அனுப்பிவிடுகின்றன. அரசுப் பள்ளியில் எஞ்சியிருப்போர் கூலிவேலை செய்வோரின் பிள்ளைகளும், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து கட்டட வேலைக்கும் ஜிகணியின் கல் அறுக்கும் ஆலைகளுக்கும் வந்த நம்மவர் பிள்ளைகளும், வட கர்நாடகத்திலிருந்து பிழைக்க வந்தோரின் பிள்ளைகளுமே. வீட்டில் தமிழோ தெலுங்கோ உருதுவோ பேசும் குழந்தை, பள்ளியில் கன்னடத்தில் எழுத்தறியத் தொடங்குகிறது. வசதியுள்ள இரண்டு குடும்பங்கள் விலகினாலே பள்ளியின் சதவீதம் சரிகிறது; கற்பித்தலில் அணுவளவும் மாற்றம் இல்லாதபோதும் சரிகிறது. ஜூன் மாதத்தில் சேர்ந்த பிள்ளை, தந்தையின் வேலை முடிந்ததும் மாற்றுச் சான்றிதழ்கூட வாங்காமல் தையில் போய்விடுகிறது. அதன் இடத்தில் வேறொரு பிள்ளை வந்து சேர்கிறது. சென்ற ஆண்டின் மூன்றாம் வகுப்பையும் இந்த ஆண்டின் நான்காம் வகுப்பையும் ஒப்பிடுகிறவர், பெரும்பாலும் வேறு வேறு பிள்ளைகளையே ஒப்பிடுகிறார்.

கல்வி உரிமைச் சட்டம் 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்களை வகுத்திருக்கிறது. ஐந்து வகுப்புகளுக்கு இருவர் என்பதே கடினம். அவர்களில் ஒருவர் பயிற்சிக்கோ தேர்தல் பணிக்கோ சென்றால் மற்றவர் தனியாளாக நிற்கிறார், மதிய உணவுக் கணக்கும் அவர் தலையில். இந்த நிலைமைக்கென்றே கர்நாடகம் கண்ட வழி நலி-கலி. 1995இல் மைசூரு மாவட்டம் ஹெச்.டி. கோட்டெ வட்டத்தில், ஆந்திரத்தின் ரிஷிவேலி கிராமப் பள்ளிகளின் அனுபவத்திலிருந்து கற்றுக்கொண்டு ஆசிரியர்களே வளர்த்தெடுத்த முறை அது. (2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றலும் ரிஷிவேலியிலிருந்தே ஊக்கம் பெற்றது.) ஒன்று முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகள் ஒரே அறையில், வகுப்பைப் பார்த்து அல்லாமல் கற்றல் நிலையைப் பார்த்துக் குழுக்களாக அமர்ந்து, அட்டைகளைக் கொண்டு படிப்படியாக ஏறுகிறார்கள். ஒவ்வொரு பிள்ளையும் எந்தப் படியில் நிற்கிறது என்ற பதிவு வகுப்பறையிலேயே இருக்கிறது. பள்ளியை மதிப்பிட வேண்டிய சான்று அதுதான்: இந்தப் பிள்ளை சேர்ந்தபோது எங்கே இருந்தது, இப்போது எங்கே இருக்கிறது, இடையில் எத்தனை மாதம் பள்ளியில் இருந்தது.

மூடி இணைக்கலாம் என்போர் ஒன்றைக் கருத வேண்டும். ஒன்று முதல் ஐந்து வகுப்புகளுக்கு ஒரு கிலோமீட்டருக்குள் பள்ளி என்று விதிகள் சொல்வது, ஆறு வயதுக் குழந்தையின் கால்களை மனத்தில் வைத்து. லாரிகள் ஓயாத சாலையைக் கடந்து அடுத்த ஊருக்குப் போக வேண்டுமென்றால், காலையில் வேலைக்குப் புறப்படும் தாய் மகளை வீட்டிலேயே தம்பியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிடுவார். அந்தச் சிறுமி எந்தப் பள்ளியின் சதவீதத்திலும் இடம்பெற மாட்டாள்.

தாங்கள் இனி இத்தகைய பட்டியலை வெளியிடும்போது, சதவீதத்தின் பக்கத்தில் தேர்வெழுதிய பிள்ளைகளின் எண்ணிக்கையையும், மூன்றாண்டுகளைச் சேர்த்துக் கணக்கிட்ட விகிதத்தையும், ஆண்டு முழுவதும் அதே பள்ளியில் இருந்தவர்கள் எத்தனை பேர் என்பதையும் அச்சிட வேண்டுகிறேன். பத்துக்கும் குறைவானோர் எழுதிய இடங்களில் சதவீதத்தை விடுத்து, 'எட்டில் ஐவர்' என்று எண்ணிக்கையையே தருவது போதும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
அல்சூர், பெங்களூரு